கிரேன் ஓய்வு பெறுகிறார்

உலகத்தார் அனைவருக்கும் இதன்மூலம் அறிவிக்கப்படுவது என்னவென்றால், கடந்த இருபத்து நான்கு ஆண்டுகளாகப் பூமியின் ஈர்ப்பு விசையோடு இடைவிடாது போர் புரிந்துவந்த மாவீரர் கிரேன் அவர்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியளவில் தமது இறுதிப் போரை நிகழ்த்திவிட்டுக் களத்திலிருந்து கௌரவமாக விலகுகிறார். ஈர்ப்பு விசை வழக்கம்போல் பணியில் தொடரும்.

கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றதெல்லாம் வலுதூக்குவோர் சங்கத்தின் செயலாளர் தம் கைப்பட எழுதியது. அச்சகம் அவருடையது. ஆகவே நோட்டீஸில் அவருடைய படம் மேலே சாப்பாட்டுத் தட்டு அளவிலும், விலகப்போகிற மாவீரரின் படம் கீழே தபால்தலை அளவிலும் இருந்தன. நோட்டீஸைப் பார்த்த பலர் செயலாளர்தான் விலகுகிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்கள்.

கிரேன் என்பது பட்டப்பெயர். ஆளைப் பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. தோளின் மேல் தலையைக் கொண்டுபோய் நேரடியாக உட்கார வைத்ததுபோல் இருப்பார். வயது நாற்பத்தேழு. வேலை, பல் செட் செய்து தரும் லேப்பில். ஒரு காலத்தில் இருநூற்று ஐம்பத்தைந்து கிலோவைத் தரையிலிருந்து இடுப்புவரை தூக்கி நிமிர்ந்து நின்ற அந்தக் கைகள், பகலெல்லாம் மெழுகு அச்சில் கடைவாய்ப் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, யாரோ ஒரு தாத்தா கூச்சமில்லாமல் சிரிப்பதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கும்.

அவர் ஓய்வு பெற நினைப்பதற்கு முன்பே அவருடைய உடம்பு தவணை முறையில் ஓய்வு பெற ஆரம்பித்துவிட்டது. முதலில் வலது தோள் போனது. அதோடு, படுத்தபடி கம்பியை மேலே தள்ளுகிற பெஞ்ச் பிரஸ் போயிற்று. அடுத்து முழங்கால். கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் போயிற்று. மிச்சமிருந்தது டெட்லிஃப்ட் ஒன்றுதான், தரையில் கிடக்கிற கம்பியை இழுத்து நிமிர்வது. நான்கு மாதத்துக்கு முன்னால் இடுப்பும் ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டது.

முதுகெலும்பு டாக்டரின் மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு தொங்கிக்கொண்டிருந்தது.

"இது யாரோட முதுகு தெரியுமா சார்?" என்றார் டாக்டர்.

"தெரியல டாக்டர்."

"யாரோடதும் இல்ல. பிளாஸ்டிக். ஆனா உங்களோடதவிட நல்லா இருக்கு."

கிரேனைக் கட்டிலில் படுக்க வைத்து, இடது கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னார். கிரேன் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார்.

"தூக்குங்க சார்."

"தூக்கிட்டேன் டாக்டர்."

டாக்டர் கிரேனின் மனைவியைப் பார்த்தார். அவள் விரலைப் பார்த்தாள். விரல் எங்கேயும் போகாமல் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இங்க பாருங்க. இன்னொரு தடவ முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற அந்த டிஸ்க் நகர்ந்துச்சுன்னா இந்தப் பாதம் தொங்கிடும். அப்புறம் கத்திதான். கத்தி வச்சாலும் பாதம் திரும்பி வரும்னு நான் எழுதித் தர மாட்டேன். இனிமே வெயிட்ட மறந்துடுங்க."

"சுத்தமா தூக்கக் கூடாதா டாக்டர்?"

"தண்ணி பாட்டில் தூக்கலாம்."

"எத்தனை லிட்டர்?"

டாக்டர் பேனாவை எடுத்து எழுதினார். மருந்துச் சீட்டை மனைவியின் கையில் கொடுத்தார். அவள் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். டாக்டர்களின் கையெழுத்தையே தங்குதடையின்றிப் படிப்பவளுக்குக் கணவனின் முகம் கொட்டை எழுத்து. வீடு வந்து சேர்ந்தார்கள். வந்ததும், "என்ன யோசிக்கிறீங்கன்னு தெரியும். வேணாம்" என்றாள்.

அன்றிலிருந்து கிரேனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. லேப்பில் நாற்காலியில் உட்காருவார், எழுந்திருப்பார், ஜன்னல்வரை போவார், வருவார். ஒருமுறை மேல் செட்டில் வைக்க வேண்டிய பல்லைக் கீழ் செட்டில் வைத்துவிட்டார். லேப் முதலாளியம்மா அந்த அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிரேன், இதை மாட்டுனா அந்த மனுஷன் எந்நேரமும் யாரையோ கடிக்கப் போற மாதிரியே இருப்பாரு" என்றாள். மேஜை விளக்கு, பிளாஸ்டர் மூட்டை, முதலாளியம்மா, எதைப் பார்த்தாலும் இது எத்தனை கிலோ இருக்கும் என்று அவர் மனசு தராசைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும்.

வீட்டில் இன்னும் மோசம்.

"கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்களேன்."

"உக்காந்தா வலிக்குது."

"அப்ப படுங்க."

"படுத்தா யோசனை வருது."

"அப்ப நில்லுங்க."

"அதத்தானே பண்ணிட்டிருக்கேன்."

நின்றபடியே சாப்பிட்டார். நின்றபடியே பேப்பர் படித்தார். ஒரு சாயங்காலம் அவள் கடையிலிருந்து திரும்பியபோது ஃப்ரிட்ஜின் ஒரு மூலையைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன பண்றீங்க?"

"அடியில தூசி."

"தூசிய எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. தூசி இருந்த இடத்திலேயே இருந்தது. கிரேன் ஃப்ரிட்ஜைக் கீழே வைத்தார். வைக்கும்போது இடுப்பில் ஏதோ கம்பியை இழுத்ததுபோல் இருந்ததை முகத்தில் காட்டாமல் இருக்கப் பெரும்பாடுபட்டார். அவளும் பார்க்காததுபோல் இருக்கப் பெரும்பாடுபட்டாள்.

அன்று இரண்டு பேரும் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள்.

"ஒரே ஒரு தடவ" என்றார் கிரேன். "சங்கத்தோட வெள்ளி விழாப் போட்டி. இருநூறு கிலோ. ஒரே ஒரு இழுப்பு. அதோட சரி."

"தூக்கிட்டீங்கன்னா?"

"ரிட்டையர்."

"தூக்கலைன்னா?"

"ரிட்டையர்."

"ரெண்டுக்கும் ரிட்டையர்னா அப்புறம் எதுக்குத் தூக்கணும்?"

"ஒரு டாக்டர் சீட்டுல முடியக் கூடாதுடி. மேடையில முடியணும். நானா முடிச்சதா இருக்கணும்."

"சரி. ஒண்ணே ஒண்ணு" என்றாள். "ஆனா எனக்கு சத்தியம் பண்ணுங்க, மனசுக்குள்ள வேற கணக்கு எதுவும் இல்லைன்னு."

சத்தியம் செய்தார். வேறு கணக்கு இருந்தது. லேப்பின் ஆர்டர் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில், கீழ்த்தாடை அளவுகளுக்கு நேர் பின்னால், போட்டி முடிந்த பிறகு தொடங்க வேண்டிய பன்னிரண்டு வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றைப் பென்சிலால் எழுதி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். இருநூறு வந்துவிட்டால் டாக்டர் சொன்னது தப்பு. டாக்டர் சொன்னது தப்பென்றால் ஓய்வு எதற்கு? இதுதான் அந்தக் கணக்கு. சிக்கல் இல்லாத கணக்கு. இடது பாதத்தைக் கேட்டால் வேறு விடை சொல்லியிருக்கும். அதைத்தான் அவர் கேட்கவே இல்லை.

போட்டிக்கு முந்தின நாள் வீட்டில் நிற்கவும் முடியாமல் சங்கத்துக்குப் போனார். அங்கே தரையெல்லாம் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் கம்பியில் மாட்டுகிற எடை பிளேட்டுகள் எல்லாம் தகதகவென்று தங்க நிறத்தில் காய்ந்துகொண்டிருந்தன. பெயின்ட் டப்பாவோடு செயலாளர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பிரஷ்ஷோடு கிரேனின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. அவன் இரு சக்கர வாகன மெக்கானிக். போட்டிகளில் கம்பியில் பிளேட் மாட்டுவது அவன் வேலை.

"என்ன சார் இது?" என்றார் கிரேன்.

"சிவப்பு, நீலம், மஞ்சள்னு ஆளுக்கொரு கலர்ல இருந்தா போட்டோவுல கண்ணை உறுத்துதுப்பா. சீஃப் கெஸ்ட் வர்றாரு. ஒரு கம்பீரம் வேணாமா?"

"வெள்ளி விழாவுக்கு எதுக்குத் தங்கம்?"

"கடையில வெள்ளி பெயின்ட் தீர்ந்துபோச்சு."

"அந்தக் கலரப் பாத்துதான் சார் இது இருபத்தஞ்சு கிலோ, இது பதினஞ்சு கிலோன்னு தெரியும். நம்பர் மேலயும் அடிச்சு வச்சிருக்கீங்க. எல்லாம் ஒரே வட்டம் வேற."

"இத்தனை வருஷம் தூக்கியிருக்கீங்க, கையில எடுத்தா தெரியாதா? அப்புறம் நீங்கல்லாம் என்ன வீரர்கள்?"

மச்சான் கிரேனின் காதோடு காதாக, "விடுங்க மாமா. எடுத்தா தெரிஞ்சிடும்" என்றான். கையில் பெயின்ட் படிந்து பாதித் தங்கச் சிலைபோல இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. ஒரு பள்ளிக்கூடத்து ஹால். நாற்காலிகளை வாடகைக்கு விடுகிற ஒருவர்தான் சிறப்பு விருந்தினர். ஆகவே உட்கார ஆளைவிட நாற்காலி அதிகமாக இருந்தது. மேடைக்குப் பின்னால் கிரேன் மூன்று தடவை பெல்ட்டை மாட்டிக் கழற்றினார், ஐந்து தடவை பாத்ரூம் போனார். கைக்கு வெள்ளைப் பவுடர் பூசிக்கொண்டு, அது தீர்ந்துவிடுமோ என்று மறுபடி பூசிக்கொண்டார். சங்கத்திலிருந்து கொண்டுவந்து கொல்லைப்புறத்தில் போட்டிருந்த, பெயின்ட் அடிக்காத பழைய இரும்பு பிளேட்டுகளை வைத்து எழுபது கிலோவரை இழுத்துப் பார்த்துவிட்டு, இடுப்பு வாயைத் திறப்பதற்குள் நிறுத்திக்கொண்டார். இடது ஷூவுக்குள் சாக்ஸ் சுருண்டிருக்கிறதா என்று ஒரு சந்தேகம். கழற்றிப் பார்த்தார். சாக்ஸ் சுருளவில்லை. பாதம் மரத்திருந்தது. திரும்ப மாட்டிக்கொண்டார்.

கம்பி தயார் என்று அறிவித்த ஒரு நிமிடத்துக்குள் தூக்கத் தொடங்க வேண்டும் என்பது விதி. அதில் முப்பத்தெட்டு வினாடிகளைச் செயலாளரின் அடைமொழிகள் தின்றன. "எஃகு முதுகெலும்பின் உரிமையாளர்" என்று அவர் மைக்கில் முழங்கியபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினாள்.

கிரேன் குனிந்தார். கம்பியைப் பிடித்தார். இழுத்தார்.

கம்பி வரவில்லை. தரையில் வேர் விட்டதுபோல் கிடந்தது. அப்புறம் ஒரு விரல் எழும்பியது. முழங்கால்வரை வந்து, அங்கே நிற்கலாமா போகலாமா என்று யோசித்தது. கிரேனின் முகம் சிவப்பிலிருந்து கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. கண்ணில் நீர் கோத்தது. இடுப்பு ஏதோ பழைய கதவுபோல் உள்ளே கிரீச்சிட்டது. யாரோ "விடாதீங்க மாமா!" என்று கத்தினார்கள். விடவில்லை. தோள் பின்னால் போயிற்று, முழங்கால் நிமிர்ந்தது. நின்றுவிட்டார்.

தலைமை நடுவர் கையைக் கீழே காட்டினார். கம்பி இறங்கியது. மூன்று நடுவர்களும் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக மூன்று வெள்ளை விளக்குகள் எரிந்தன.

ஹாலில் இருந்த ஆட்களெல்லாம் எழுந்து நின்றார்கள். கிரேன் குழந்தைபோல் சிரித்தார், அழுதார், செயலாளரின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். அதுவரை செயலாளரிடமிருந்து மைக்கைப் பிடுங்கியவர் எவரும் இல்லை. அந்த வகையில் அது ஒரு சாதனைதான்.

"நான் ரிட்டையர் ஆகல!" என்று கத்தினார் கிரேன். "கேட்டுக்குங்க எல்லாரும்! ரிட்டையர் ஆகல! அடுத்த வருஷம் இருநூத்தி இருபது!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மனைவி கைதட்டவில்லை. அவள் குனிந்து, அவருடைய இடது ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தோடு விட்டிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் செயலாளருக்கு மைக் திரும்பக் கிடைத்துவிட்டது.

"வரலாறு படைக்கப்பட்டது!" என்றார். "நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் இதுவரை எவரும் தொடாத எடை!" அந்தப் பிரிவே போன வாரம்தான் தொடங்கப்பட்டது என்பதை அவர் சொல்லவில்லை. "சாதனை என்றால் விதிப்படி எடையைச் சரிபார்க்க வேண்டும். நமது சிறப்பு விருந்தினர் அவர்களே தம் பொற்கரங்களால் நிறுத்துக் காட்டுவார்!"

தலைமை நடுவர், வங்கியில் கேஷியராக இருக்கிற பெண்மணி, "இப்பவா சார்? கடைசியில பாத்துக்கலாமே" என்றார். செயலாளர் காதில் விழவில்லை. எடை மெஷின் வந்தது. மச்சான் ஒவ்வொரு பிளேட்டாகக் கழற்றி அதில் வைத்தான். சிறப்பு விருந்தினர் குனிந்து படித்தார். எட்டுப் பிளேட். ஒரு கம்பி.

"பதினஞ்சு... பதினஞ்சு... மறுபடி பதினஞ்சு... எல்லாமே பதினஞ்சா இருக்கே சார். எட்டும் சேத்து நூத்தி இருபது. கம்பி இருபது. நூத்தி நாப்பது."

"சரியாப் பாருங்க சார்" என்றார் செயலாளர் மைக்கை மூடிக்கொண்டு.

"நாற்காலி எண்ணியே வயசானவன் நான். எனக்கா எண்ணத் தெரியாது?"

மைக்கைச் சரியாக மூடவில்லை. ஹால் முழுக்கக் கேட்டது.

கிரேன் மச்சானைப் பார்த்தார். மச்சானுக்கு வேர்த்துக் கொட்டியது.

"பழைய பதினஞ்சும் புது இருபத்தஞ்சும் ஒரே தடிமன் மாமா. எல்லாம் தங்கமா இருந்துச்சா..."

"கையில எடுத்தா தெரியும்னியேடா!"

"எடுக்கும்போதே லேசாத்தான் இருந்துச்சு மாமா. நம்ம கைக்குத்தான் பலம் ஏறிடுச்சுன்னு நெனச்சேன்."

வேறு எந்தத் தொழிலிலும் ஒருவன் இப்படி நினைக்க மாட்டான். மூட்டை தூக்குகிறவனுக்கு மூட்டை லேசாக இருந்தால், உள்ளே சரக்கு குறைகிறது என்று உடனே தெரியும். இவர்களுக்கு மட்டும் தங்கள் பெருமைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். கிரேனால் அவனைத் திட்ட முடியவில்லை. எடை கனமாகத் தெரிந்தாலும் அதே கதைதான். அவருக்குக் கனத்தது. இருநூறாகவே கனத்தது. நூற்று நாற்பது அவருக்கு ஒரு காலத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டே தூக்குகிற எடை.

தலைமை நடுவர் பக்கத்தில் வந்தார். "தப்பு உங்களோடது இல்ல அண்ணே. விதிப்படி மூணு நிமிஷத்துல இருநூறை மறுபடி தூக்கலாம். இல்ல, தூக்கின நூத்தி நாப்பதையே ஏத்துக்கலாம். உங்க இஷ்டம்."

செயலாளர் விதியில் இல்லாத மூன்றாவது வழி ஒன்றை வைத்திருந்தார். சான்றிதழைக் கிரேனின் காதருகே அசைத்தார். "இதுல ஏற்கெனவே இருநூறுன்னு அடிச்சாச்சு. நாலு கலர் அச்சு. இதை மாத்தணும்னு யாரு அழுதா? ஏதோ மெஷின் கோளாறுன்னு சொல்லிடறேன். நீங்க சும்மா சிரிச்சுக்கிட்டு நில்லுங்க, போதும்."

கடிகாரம் ஓடத் தொடங்கியது. மச்சானும் இன்னொருவனும் பிளேட்டுகளை நிறுத்து நிறுத்து உண்மையான இருநூறை மாட்டினார்கள். கிரேன் கம்பியைச் சுற்றி நடந்தார். இந்தப் பக்கம் நான்கு எட்டு, அந்தப் பக்கம் நான்கு எட்டு. மனைவி மேடையோரம் வந்து நின்றாள்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"எனக்கு இருநூறு மாதிரியேதான்டி இருந்துச்சு."

"தெரியும். மூஞ்சியப் பாத்தேன்ல."

"நீ ஏதாவது சொல்லேன்."

"நான் சொல்லி நிறுத்தினா, சாகற வரைக்கும் நான்தான் நிறுத்தினேன்னு சொல்லிட்டிருப்பீங்க. நான் சொல்ல மாட்டேன்."

ஐம்பது வினாடி பாக்கி. கிரேன் கம்பிக்கு முன்னால் போய் நின்றார். குனிந்தார். பிடித்தார். மெதுவாக, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பதுபோல், ஒரே ஒரு முறை கம்பியை மேலே இழுத்துப் பார்த்தார். கம்பிக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை. அவர் தூக்கியதாக நினைத்துக் கொண்டாடிய எடை இதுதான். இதை அவர் இன்று சந்தித்ததே இல்லை.

கையை எடுத்தார். தொடையைப் பிடித்துக்கொண்டு, தவணை தவணையாக நிமிர்ந்தார். பெல்ட்டைக் கழற்றி மச்சானின் கையில் கொடுத்தார்.

"நூத்தி நாப்பது எழுதிக்குங்கம்மா" என்றார் தலைமை நடுவரிடம். "பேனா இருந்தா குடுங்க."

சான்றிதழைச் செயலாளர் கொடுக்க மறுத்தார். கிரேன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் வைத்து, அச்சிலிருந்து பல்லை எடுப்பதுபோல், அதை அவர் பிடியிலிருந்து எடுத்தார். இருநூறை அடித்துவிட்டு, பக்கத்தில் 140 என்று எழுதினார். சட்டைப் பையிலிருந்து மடித்த ஆர்டர் படிவத்தை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அவள் பின்பக்கத்தைப் பார்த்தாள். பன்னிரண்டாவது வாரம்வரை படித்தாள். நான்காகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

செயலாளர் சமாளித்துக்கொள்வதில் மன்னன். "பார்த்தீர்களா, பெரியோர்களே!" என்று மைக்கில் தழுதழுத்த குரலில் முழங்கினார். "இதுவல்லவோ நேர்மை! இதுவல்லவோ தன்னடக்கம்! எடைகளுக்கெல்லாம் அப்பாற்பட்ட மாமனிதர்! சிகரம்! இன்று நம் கண்முன்னால் ஒரு சிகரம் மேடையை விட்டு இறங்குகிறது!"

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிகரம் இறங்கத் திரும்பியது. வலது கால் இறங்கிற்று. இடது பாதம் வரவில்லை. நுனி தொங்கி விளிம்பில் மாட்டிக்கொண்டது. கிரேன் கைகளை விரித்து அப்படியே நின்றார். மச்சான் ஓடிவந்து ஒரு அக்குளைப் பிடித்தான். மனைவி இன்னொரு அக்குளைப் பிடித்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, இருவருமாக அவரைத் தூக்கித் தரையில் இறக்கி வைத்தார்கள்.

மேடையின் உயரம் நான்கு விரற்கடை.